பிரெடரிக் பேன்டிங்

சர் பிரெடரிக் கிரான்ட் பேன்டிங் (நவம்பர் 14, 1891 – பெப்ரவரி 21, 1941) கனடா நாட்டு மருத்துவரும் ஆய்வாளரும் ஆவார். நீரிழிவு நோய்க்கு மருந்தாகும் இன்சுலினைப் பிரித்தெடுத்த குழுவின் முதன்மையானவர். 1923 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்றவர்களுள் இன்றுவரை இவரே மிக இளையவர்.

இளமை

பேன்டிங் ஒன்ராறியோ மாகாணத்தின் அலிஸ்டன் ஊரில் வேளாண் குடும்பமொன்றில் பிறந்தார். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1916 இல் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றியபோது, 1918 இல் காயமுற்றார். 1920 இல் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் மருத்துவத் தொழில் தொடங்கினார். நோயாளிகள் மிகச் சிலரே வந்தமையால் பகுதி நேரமாகக் கற்பிக்கவும் செய்தார்.

இன்சுலின்

அக்காலத்தில் முதல் வகை நீரிழிவு கண்ட சிறுவர்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்தனர். கடும் பட்டினி உணவுமுறை அவர்களது வாழ்நாளைச் சற்றே நீட்டித்தது. 1920 அக்டோபர் இறுதியில் கணையம் பற்றிய கட்டுரையொன்றைப் படித்த பேன்டிங்குக்கு, கணைய நாளங்களைக் கட்டிவிட்டால் செரிமான நொதிகளைச் சுரக்கும் பகுதி சிதைந்துவிடும், எஞ்சும் திட்டுகளிலிருந்து வேண்டிய சுரப்பைப் பெறலாம் என்னும் எண்ணம் தோன்றியது.

டொராண்டோப் பேராசிரியர் ஜோன் மக்லியொட் ஆய்வுக்கூடம் அளித்தார். 1921 மே மாதத்தில் சார்லசு பெசுட் என்னும் மாணவருடன் நாய்களில் ஆய்வு தொடங்கியது. பின்னர் இறைச்சிக் கூடங்களில் கிடைத்த மாட்டுக் கணையமே மூலப்பொருளாயிற்று. உயிர்வேதியியலாளர் சேம்சு கொலிப் சாராயத்தைக் கொண்டு சாற்றைத் தூய்மைப்படுத்தினார்.

1922 சனவரி 11 இல் லெனார்ட் தொம்சன் என்னும் 14 அகவைச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்தில் மாசு இருந்தமையால் பயன் கிட்டவில்லை. தூய்மையாக்கிய சாறு சனவரி 23 இல் செலுத்தப்பட்டபோது குருதிச் சர்க்கரை குறைந்தது. அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

காப்புரிமம்

உயிர் காக்கும் மருந்துக்கு மருத்துவர் உரிமை கோருவது முறையன்று எனப் பேன்டிங் கருதினார். ஆயினும் காப்புரிமம் இல்லையெனில் வேறொருவர் அதைப் பெற்று மருந்தைத் தனியுடைமையாக்கக் கூடும். ஆகவே பேன்டிங், பெசுட், கொலிப் மூவரும் தத்தம் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். பல்கலைக்கழகம் உற்பத்தி உரிமங்களை வழங்கி மருந்தின் தரத்தையும் கண்காணித்தது.

நோபல் பரிசு பேன்டிங்குக்கும் மக்லியொட்டுக்கும் வழங்கப்பட்டது. பேன்டிங் தம் பங்குத் தொகையைப் பெசுட்டுடனும், மக்லியொட் கொலிப்புடனும் பகிர்ந்துகொண்டனர்.

இறப்பும் பின்விளைவும்

1934 இல் பேன்டிங் சர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்து செல்லும் வழியில், நியூபவுண்ட்லாந்தில் நேர்ந்த வானூர்தி விபத்தில் இறந்தார். இவர் பிறந்த நாளான நவம்பர் 14, உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இன்சுலின் 1977 முதலே உள்ளது. ஆயினும் பின்னர் உருவான புதிய இன்சுலின் வகைகளும் ஊசிக் கருவிகளும் தனித்தனிக் காப்புரிமங்களைப் பெற்றன. உலகச் சந்தையின் பெரும்பகுதி மூன்று நிறுவனங்களிடம் உள்ளது. இதனால் ஒரு டாலருக்குக் கைமாறிய மருந்து, நூறாண்டு கடந்த பின்னரும் ஏழை நோயாளிகள் பலருக்கு எட்டாததாகவே இருக்கிறது.