கப்பலில் போட்ட கணக்கு



போன வாரம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். நட்சத்திரம் செத்துப்போகுமா என்று. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் நூலகத்தில் சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றிப் படித்தேன். அவரையும் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்! அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வே கணக்குத் துறையில் வேலை. அம்மா சீதாலட்சுமி இப்சனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். சர் சி.வி. ராமன் இவருக்குச் சித்தப்பா. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார்.

1930இல் கேம்பிரிட்ஜில் படிக்க இடம் கிடைத்தது. அப்போது அம்மா நோயில் படுத்திருந்தார். ஆனாலும் போய்த்தான் ஆக வேண்டும் என்று மகனை அனுப்பி வைத்தார். அடுத்த வருஷமே அம்மா இறந்துவிட்டார். மகனால் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. இதைப் படித்தபோது எங்க அம்மா ஞாபகம் வந்து புத்தகத்தை மூடிவிட்டேன்.

கப்பலில் போகும்போதே அந்த 19 வயதுப் பையன் ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி வெள்ளைக் குள்ளன் ஆகும். ஆனால் அதன் எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் அப்படி நிற்க முடியாது, மேலும் மேலும் சுருங்கும். இதுவே சந்திரசேகர் எல்லை.

1935 ஜனவரி 11 அன்று லண்டன் கூட்டத்தில் இதைச் சொன்னார். அடுத்துப் பேசிய பெரிய விஞ்ஞானி எடிங்டன் கேலி செய்தார். சபையே சிரித்தது. சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேறு வேறு ஆராய்ச்சிகள் செய்தார். பின்னாளில் கருந்துளைகளைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. 1995 ஆகஸ்ட் 21 அன்று காலமானார்.

1999இல் நாசா ஒரு எக்ஸ்ரே தொலைநோக்கியை விண்ணில் ஏவியது; அதற்குச் சந்திரா என்று இவர் பெயரையே வைத்திருந்தது. எக்ஸ்ரே நம் காற்றைத் தாண்டி வராது. அதனால்தான் அது மேலே சுற்றுகிறது. 29 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு ராட்சதக் கருந்துளை பக்கத்தில் வந்த நட்சத்திரத்தைக் கிழித்துப் போட்டது 2014இல் தெரியவந்தது. கிட்ட இருக்கும் பக்கத்தை அதிகமாகவும் தள்ளி இருக்கும் பக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால் நட்சத்திரம் கிழிகிறது. அந்த வாயு சுழன்று உள்ளே விழும்போது பல லட்சம் டிகிரி சூடாகி எக்ஸ்ரே வீசுகிறது. அதைச் சந்திராவும் பார்த்தது.

ஆகவே தோழிகளே, நட்சத்திரமும் சாகும். கிழிபட்டும் சாகும். என் கேள்வி தப்பில்லை! காலாப்பட்டு கடற்கரையில் ராத்திரி நின்றால் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது! யாராவது கேள்வி கேட்டால் இனிமேல் சிரிக்காதீங்க. நானும் சிரிக்க மாட்டேன். அடுத்த கேள்வியும் ரெடி!



இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி