எந்த பிட் தப்பு? - ரிச்சர்ட் ஹேமிங்

கர்னல் பேனிக் வந்து சிஸ்டம் நின்னு போனா, நாம முதல்ல சந்தேகப்படுறது கடைசியா ஓடின ஃபங்ஷனைத்தான். ஆனா மெமரி கெட்டதால வந்த கிராஷ்ல அது பெரும்பாலும் நிரபராதி. ஏதோ ஒரு பாயின்டர்ல ஒரு பிட் எப்பவோ மாறியிருக்கும். அதை நம்பிப் போன ஃபங்ஷன் மாட்டிக்கும். தப்பு நடந்த இடத்தை எப்படிப் பிடிக்கிறது? இந்தக் கேள்விக்கு 1950-லேயே ஒரு பதில் சொன்னவர் ரிச்சர்ட் ஹேமிங்.

1915-ல் சிகாகோவில் பிறந்தார். 1942-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். 1945-ல் லாஸ் அலமோஸ் அணுகுண்டுத் திட்டத்தில் கணக்குப் போடும் இயந்திரங்களை ஓடவைக்கும் வேலை. அடுத்த வருடம் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கே இருந்தது ரிலேக்களால் ஆன கம்ப்யூட்டர். தப்பு நடந்தா அதுவே கண்டுபிடிச்சிடும். வார நாள்ல ஆபரேட்டர் வந்து சரி செய்வார். வார இறுதியில் ஆள் கிடையாது. அந்தக் கணக்கை அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும். ரெண்டு வாரம் தொடர்ந்து ஹேமிங் வந்து பார்த்தா, அவரோட கணக்கு எதுவுமே முடியல. செம கடுப்பு! தப்பு இருக்குன்னு தெரிஞ்ச மெஷினுக்கு, அது எங்கே இருக்குன்னு தெரியாதா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

அதில் பிறந்ததுதான் ஹேமிங் கோட். 4 டேட்டா பிட், 3 சோதனை பிட், மொத்தம் 7 இடம். முதல் சோதனை 1, 3, 5, 7-ஐப் பார்க்கும்; இரண்டாவது 2, 3, 6, 7-ஐ; மூன்றாவது 4, 5, 6, 7-ஐ. ஒவ்வொரு குழுவிலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையா இருக்கணும். இந்தச் சோதனைகளின் மதிப்பு 1, 2, 4. தோற்ற சோதனைகளின் மதிப்பைக் கூட்டினால் கெட்ட பிட்டின் இடம் வந்துடும். முதலும் மூன்றாவதும் தோற்றால் 1+4, அதாவது 5-வது பிட். அதைத் திருப்பிப் போட்டா வேலை முடிஞ்சது.

1968-ல் டூரிங் விருது. 1976-க்குப் பிறகு மான்டெரே கடற்படைப் பட்டமேற்படிப்புக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1998 ஜனவரியில் மறைந்தார்.

இன்றைக்கும் சர்வர்களின் ஈசிசி மெமரியில் 64 பிட்டுக்கு 8 சோதனை பிட் சேர்ப்பது இதே வழியில்தான். ஒரு பிட் மாறினா திருத்திடும், ரெண்டு மாறினா சொல்லிடும். ஆனா நம்ம டிரைவர் கோடு அடுத்தவன் பஃபர்ல எழுதினா ஈசிசி வாயைத் திறக்காது. அதைப் பொறுத்தவரை அது முறையா எழுதின டேட்டா. அங்கே தேட வேண்டியது நாமதான். கிராஷ் டம்ப்பைத் திறக்கும்போது, எங்கே விழுந்ததுன்னு பார்த்ததோட நிறுத்தாம, எங்கே கெட்டதுன்னு ஹேமிங் மாதிரி கேளுங்க.