பாதித் துகள் எங்கே போச்சு? – அவகாட்ரோவின் கதை



இந்த முறை சுவரிதழில் விஞ்ஞானி பக்கம் எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் பன்னிரண்டாம் வகுப்பு. மாலைப் படிப்பு நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பது என் வேலை. அணுக்களும் மூலக்கூறுகளும் பாடம் வந்தால் போதும், நல்லாப் படிக்கிற பிள்ளைகூட முகம் வாடிப் போயிடும். மோல் கணக்கு வரலக்கா, அடுத்த வருஷம் சயின்ஸ் குரூப்பே வேணாம்னு முடிவு பண்ணி வச்சிருக்கிறவங்களும் உண்டு. ஒரு கணக்குக்குப் பயந்து ஒரு படிப்பையே விடுவதா? அதற்காகத்தான் இந்த மனிதரின் வாழ்க்கையை எழுத எடுத்தேன்.

முதலில் ஒரு கணக்கு. 16 கிராம் ஆக்சிஜன் வாயு எத்தனை மோல்? ஆக்சிஜனின் அணு நிறை 16. அதனால் 16ஐ 16ஆல் வகுத்து 1 மோல் என்று நிறைய நோட்டில் எழுதியிருப்பாங்க. ஆனால் சரியான விடை அரை மோல். ஏன்? இந்த ஏன் என்ற கேள்விக்கு உலகத்தின் பெரிய பெரிய வேதியியலாளர்களே ஐம்பது வருஷம் தடுமாறினார்கள் என்றால் நம்புவீர்களா? அவர்களுக்கு முன்னாலேயே விடையைக் கண்டுபிடித்து எழுதி வைத்தவர்தான் அமேதியோ அவகாட்ரோ.

அவர் பிறந்தது 1776ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், டூரின் நகரத்தில். இன்று அது இத்தாலியில் இருக்கிறது. அன்று இத்தாலி என்று ஒரே நாடு கிடையாது. டூரின், சார்டீனிய அரசரின் ஆட்சியில் இருந்த பீட்மாண்ட் பகுதியின் தலைநகரம். அவகாட்ரோவுடையது பிரபுக் குடும்பம். அப்பா சட்டம் படித்து அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர். பிள்ளையும் அதே வழிதான் போனார். 16 வயதில் சட்டத்தில் பட்டம். 20 வயதில், அதாவது 1796ல், திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம். நம்ம பாடப்புத்தகத்தில் வேதியியலாளர் என்று படிக்கிற இவர் முதலில் ஒரு வக்கீல்! ஆச்சரியமா இல்ல?

ஆனால் மனசு சட்டத்தில் நிற்கவில்லை. 1800 வாக்கில் கணிதமும் இயற்பியலும் தனியாகப் படிக்க ஆரம்பித்தார். சகோதரர் ஃபெலிச்சேயுடன் சேர்ந்து மின்சாரத்தைப் பற்றி ஆராய்ந்து, 1803ல் முதல் ஆய்வுக் கட்டுரையை அனுப்பினார். 1809ல் வெர்செல்லி என்ற சிறிய ஊரின் கல்லூரியில் ஆசிரியரானார். பாரிஸ், லண்டன் மாதிரிப் பெரிய ஊர் இல்லை அது. பெரிய விஞ்ஞானிகளோடு பேசிப் பழகவும் வழி இல்லை. அங்கே உட்கார்ந்துதான் அவர் ஒரு பெரிய சிக்கலை அவிழ்த்தார்.

அது என்ன சிக்கல் என்று பார்ப்போம். கொஞ்சம் பொறுமையாப் படிங்க, இங்கேதான் விஷயமே இருக்கு.

1808ல் இங்கிலாந்தின் ஜான் டால்டன் அணுக் கொள்கையைப் புத்தகமாக வெளியிட்டார். பொருள்கள் எல்லாம் அணுக்களால் ஆனவை, அணுவை வேதிவினையால் பிளக்க முடியாது என்றார். நீர் என்பது ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஒரு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது என்று எளிமையாக வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் பிரான்சின் கே-லூசாக் வாயுக்களை அளந்து பார்த்ததை வெளியிட்டார். 2 லிட்டர் ஹைட்ரஜனும் 1 லிட்டர் ஆக்சிஜனும் சேர்ந்தால் 2 லிட்டர் நீராவி வருகிறது. எப்பவும் இப்படி முழு எண்களாகவே வருகிறது!

அப்படியானால் சம கன அளவுள்ள எல்லா வாயுவிலும் துகள்களின் எண்ணிக்கையும் சமமா? டால்டன் இதை ஏற்கவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. 1 லிட்டரில் 100 துகள் என்று சும்மா வைத்துக்கொள்ளுங்கள். 1 லிட்டர் ஆக்சிஜனில் 100 துகள். வருகிற 2 லிட்டர் நீராவியில் 200 துகள். ஒவ்வொரு நீராவித் துகளிலும் ஆக்சிஜன் இருந்தே ஆகணும். 100 ஆக்சிஜனை 200 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்குப் பாதிதான் வரும். அணுவைப் பாதியாக வெட்ட முடியாதே! அதனால் கே-லூசாக்கின் அளவில்தான் பிழை என்று டால்டன் நினைத்தார்.

1811ல் அவகாட்ரோ பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன என்பது அதன் முதல் கருத்து. இதைத்தான் அவகாட்ரோ விதி என்று படிக்கிறோம். இரண்டாவது கருத்து இன்னும் முக்கியம். பாதியாகப் பிரிவது அணு இல்லை, மூலக்கூறு! ஆக்சிஜன் வாயுவின் துகள் தனி அணு அல்ல, பிரியக்கூடிய கூட்டு என்றார்.

இதை நான் பிள்ளைகளுக்குத் தேங்காய் வைத்துத்தான் சொல்லிக் கொடுப்பேன். தெருவில் 200 வீடு. கையில் இருப்பதோ 100 தேங்காய். வீட்டுக்கு ஒன்று எப்படிக் கொடுப்பது? உடைத்து வீட்டுக்கு ஒரு மூடி கொடுத்தால் சரியாப் போச்சு. முழுத் தேங்காய்தான் ஆக்சிஜன் மூலக்கூறு. மூடிதான் ஆக்சிஜன் அணு. மூடியை யாரும் வெட்டவில்லை. டால்டன் சொன்னதும் உடையவில்லை, கே-லூசாக் அளந்ததும் பொய்யாகவில்லை. இரண்டு பேரையும் ஒரே வரியில் சேர்த்து வைத்தார் அவகாட்ரோ.

அதோடு நிற்காமல் கணக்கும் போட்டார். சம கன அளவில் சம எண்ணிக்கை என்றால், வாயுக்களின் எடையை ஒப்பிட்டாலே மூலக்கூறுகளின் எடையை ஒப்பிட்டதாக ஆகிவிடும் அல்லவா? ஹைட்ரஜனைப்போல் ஆக்சிஜன் சுமார் 15 மடங்கு, நைட்ரஜன் சுமார் 13 மடங்கு என்று கண்டார். இன்று நமக்குத் தெரிந்தது 16, 14. அந்தக் காலத்து அளவீடுகளை வைத்தே இவ்வளவு கிட்ட வந்துவிட்டார்! டால்டனின் பட்டியலில் ஆக்சிஜனின் எடை வெறும் 7 என்று இருந்தது.

இவ்வளவு சரியாகச் சொன்னவரை உலகம் கொண்டாடியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது டால்டனின் எண்ணம். ஸ்வீடனின் பெர்சீலியஸோ, எதிரெதிர் மின்சாரம் உள்ள அணுக்கள்தான் சேரும் என்றார். அப்புறம் இரண்டு ஆக்சிஜன் அணு எப்படிக் கைகோக்கும்? இன்னொரு குறையும் இருந்தது. அவகாட்ரோ அணு என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. எல்லாவற்றையும் மூலக்கூறு என்றே சொல்லி, முன்னால் ஒரு அடைமொழி மட்டும் சேர்த்தார். படித்தவர்கள் குழம்பினார்கள். 1814ல் பிரான்சின் ஆம்பியரும் இதே போன்ற கருத்தை எழுதினார். அப்பவும் பெரிய அசைவு இல்லை.

1820ல் டூரின் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஆனால் 1821ல் பீட்மாண்டில் அரசருக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தது. அதையடுத்து அந்தப் பதவியே இல்லாமல் போனது. மீண்டும் அதில் அமர 1834 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்காக ஓய்ந்து போய்விடவில்லை. பொருள்களின் இயற்பியல் பற்றி நான்கு பெரிய தொகுதிகள் எழுதி 1837 முதல் 1841 வரை வெளியிட்டார். 1850ல் ஓய்வு பெற்றார். 1856 ஜூலை 9ஆம் நாள் டூரினிலேயே காலமானார். அப்போது அவருக்கு 79 வயது. 1811ல் எழுதிய கருத்தை உலகம் ஏற்றுக்கொண்டதைப் பார்க்காமலே கண்ணை மூடினார். இதை எழுதும்போது எனக்கு மனசு கனத்துத்தான் போச்சு.

அப்படியானால் அந்தக் கருத்து எப்படிப் பிழைத்தது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அதைக் காப்பாற்றியது ஒரு வாத்தியார், தன் மாணவர்களுக்காகத் தயாரித்த பாடக் குறிப்பால்!

அந்த ஆசிரியரின் பெயர் ஸ்டானிஸ்லாவோ கன்னிசாரோ. 1826ல் சிசிலித் தீவில் பிறந்தவர். ஜெனோவா பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்தார். அப்போது வேதியியல் ஒரே குழப்பம். ஒருவர் எழுதுகிற வாய்பாடு இன்னொருவருக்குப் புரியாது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் 19 வகை வாய்பாடுகளைக் கெக்குலே என்ற அறிஞர் 1861ல் தம் புத்தகத்தில் தொகுத்துக் காட்டினார் என்றால் பாருங்களேன். புதிதாகப் படிக்க வரும் பையன் என்ன செய்வான்?

கன்னிசாரோ பாடத்தை அவகாட்ரோவிலிருந்து ஆரம்பித்தார். அவருடைய வழி மிக எளிது. ஹைட்ரஜன் உள்ள வாயுக்களை வரிசையாக எடுங்கள். ஒவ்வொன்றின் ஒரு மூலக்கூறிலும் எவ்வளவு ஹைட்ரஜன் இருக்கிறது என்று பாருங்கள். ஹைட்ரஜன் குளோரைடில் 1 பங்கு. நீராவியில் 2. அம்மோனியாவில் 3. ஹைட்ரஜன் வாயுவிலேயே 2. எல்லாம் 1இன் மடங்கு. ஒன்றுக்குக் குறைந்து எங்கேயும் இல்லை. அந்த 1 பங்குதான் அணு! அப்படியானால் ஹைட்ரஜன் வாயு, அணுக்கள் ஜோடி சேர்ந்த மூலக்கூறு. தேங்காயும் மூடியும் தெளிவாகப் பிரிந்துவிட்டன.

இந்தப் பாடக் குறிப்பு 1858ல் அச்சானது. 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் மூன்று நாள் கூடினார்கள். கன்னிசாரோ அங்கே அவகாட்ரோவுக்காக வாதாடினார். கடைசியில் அவருடைய நண்பர் பாவேசி, அந்தக் குறிப்பின் பிரதிகளை வந்தவர்களிடம் கொடுத்தார். அதைப் படித்துத் தெளிந்தவர்களில் ஒருவர் லோதர் மேயர். அந்தக் கூட்டத்தில் 26 வயது ரஷ்ய இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர்தான் மெண்டலீஃப்! சரியான அணு எடைகள் கையில் கிடைத்த பிறகுதான் 1869ல் அவரால் தனிம வரிசை அட்டவணையை அமைக்க முடிந்தது.

இன்னொரு செய்தி. 6.022 × 10²³ என்ற எண்ணை அவகாட்ரோ கண்டுபிடிக்கவே இல்லை! அந்த எண் அவருக்குத் தெரியவும் தெரியாது. 1909ல் பிரான்சின் ழான் பெர்ரின் அதைக் கணக்கிட்டு, அவகாட்ரோவின் பெயரை அதற்கு வைத்தார். 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள் என்று உலகம் முழுவதற்கும் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. ஒரு டஜன் என்றால் 12. ஒரு மோல் என்றால் இவ்வளவு. மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

சரி, இப்போ நம்ம 16 கிராம் ஆக்சிஜனுக்கு வருவோம். வாயுவாக இருக்கும் ஆக்சிஜன் முழுத் தேங்காய். ஒரு மூடிக்கு 16 என்றால் முழுசுக்கு 32. 16ஐ 32ஆல் வகுத்தால் அரை மோல் மூலக்கூறு. உடைத்து எண்ணினால் ஒரு மோல் அணு. அவ்வளவுதான்!

வீட்டுப்பாடம் போடும்போது இந்த மூன்றையும் வரிசையாகச் செய்யுங்கள்:

முதலில், கேள்வி எதை எண்ணச் சொல்கிறது? மூலக்கூறையா, அணுவையா? அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போடுங்க.

அடுத்து, ஒரு மூலக்கூறில் எத்தனை அணு என்று பார்த்து, மூலக்கூறு நிறையை ஓரத்தில் எழுதுங்க.

கடைசியாக, கொடுத்த நிறையை அந்த நிறையால் வகுங்க. மோல் கிடைக்கும். அதை 6.022 × 10²³ஆல் பெருக்கினால் மூலக்கூறுகளின் எண்ணிக்கை. அணு வேண்டுமென்றால் ஒரு மூலக்கூறில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையால் மறுபடி பெருக்குங்க.

உதாரணமாக 9 கிராம் நீர். நீரின் மூலக்கூறு நிறை 18. அதனால் அரை மோல். மூலக்கூறுகள் 3.011 × 10²³. ஆக்சிஜன் அணுக்களும் அவ்வளவே. ஹைட்ரஜன் அணுக்கள் அதைப்போல் இரண்டு மடங்கு, 6.022 × 10²³. புரிஞ்சுதா?

இப்போது உங்கள் முறை. மூன்று கணக்குகள்:

1. 8 கிராம் ஆக்சிஜன் வாயுவில் எத்தனை மோல் மூலக்கூறுகள்? எத்தனை மோல் அணுக்கள்?

2. 1 லிட்டர் நைட்ரஜனும் 3 லிட்டர் ஹைட்ரஜனும் முழுவதும் வினைபுரிந்தால் எத்தனை லிட்டர் அம்மோனியா கிடைக்கும்? (எல்லாம் ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம். எத்தனை தேங்காய் உடைந்தது என்று யோசிங்க!)

3. ஓசோன் மூலக்கூறில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள். 48 கிராம் ஓசோனில் எத்தனை மோல் மூலக்கூறுகள்? எத்தனை மோல் அணுக்கள்?

விடையை மட்டும் எழுதாதீங்க, வழியையும் எழுதி, பெயர், வகுப்போடு வேதியியல் ஆய்வகத்து வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த சுவரிதழில். எங்கே சிக்கிக்கொண்டாலும் நோட்டை எடுத்துக்கொண்டு மாலைப் படிப்புக்கு வாங்க, சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு