இருளை எழுதியவர்

வங்கச் சிறுகதையில் மனிதனின் ஆதி இயல்பூக்கங்களைக் கூசாமல் எழுதியவர் மாணிக் பந்தோபாத்யாய். 1908 மே 19 அன்று சந்தால் பர்கனாவைச் சேர்ந்த தும்காவில் பிறந்தார். இயற்பெயர் பிரபோத் குமார். மாணிக் என்பது வீட்டார் அழைத்த பெயர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் பயின்ற நாளில், நண்பர்களோடு பந்தயம் கட்டி ‘அதசி மாமி’ என்ற கதையை எழுதினார். 1928இல் ‘விசித்ரா’ இதழ் அதனை வெளியிட்டது. படிப்பு நின்றது, எழுத்தே பிழைப்பாயிற்று.

1937இல் ‘பிராகைதிஹாசிக்’ தொகுப்பு வந்தது. வரலாற்றுக்கு முற்பட்டது என்பது தலைப்பின் பொருள். தலைப்புக் கதையின் நாயகன் பிக்கு ஒரு கொள்ளைக்காரன். காயம்பட்டுக் காட்டில் ஒளிந்து உயிர் தப்புகிறான், வலக்கை சூம்பிப்போகிறது. அடைக்கலம் தந்தவனின் மனைவியிடமே அத்துமீறுகிறான். அடிபட்டு விரட்டப்பட்டதும் அவ்வீட்டுக்குத் தீ வைக்கிறான். பின்னர் பிச்சைக்காரனாகி, பாஞ்சி என்னும் பிச்சைக்காரிக்காகப் பஷீரைக் கொல்கிறான். அவளை முதுகில் சுமந்தபடி இருளில் நடக்கிறான்.

பெண்ணுக்காக ஆண்கள் மோதுவதும், தன்னைக் காப்பவனைப் பெண் நாடுவதும் பரிணாம உளவியல் பேசும் இயல்பூக்கங்கள். அத்துறை உருவாவதற்குப் பல்லாண்டுகள் முன்பே மாணிக் அவற்றைக் கதையாக்கிவிட்டார். ஆயினும் பாஞ்சி அந்தச் சூத்திரத்துக்குள் முழுமையாக அடங்குவதில்லை. காலில் உள்ள புண்ணை அவள் ஆற்றிக்கொள்ள மறுக்கிறாள். அதுவே அவளுக்குப் பிச்சை ஈட்டித் தரும் முதல். அவளது கணக்கில் இயல்பூக்கத்தைவிடப் பசியே பெரிது. பிக்குவின் வெறியைக் காட்டிய மாணிக், அதற்கு எவ்விடத்தும் நியாயம் கற்பிக்கவில்லை.

தொடக்கத்தில் ஃபிராய்டிடம் ஈடுபாடு கொண்டிருந்தவர், பின்னர் மார்க்சியத்தை நோக்கி நகர்ந்து 1944இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1943ஆம் ஆண்டின் பஞ்சம் அவர் எழுத்தை உலுக்கிற்று. 1946இல் வந்த ‘ஆஜ் கால் பரசுர் கல்ப’ தொகுப்பின் தலைப்புக் கதையில், பஞ்சத்தால் நகரத்தில் உடலை விற்க நேர்ந்த மனைவியைக் கணவன் மீண்டும் வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறான். ஊர் எதிர்க்கிறது, அவன் இணங்கவில்லை. பெண்ணை உடைமையாகக் காக்கும் ஆணின் பொறாமை மாற்ற முடியாத இயற்கை என்றால், இக்கணவனை எங்கே வைப்பது? பிக்குவைப் படைத்த அதே கைதான் இவனையும் படைத்தது. பிக்கு சுமந்த இருளை மனிதன் இறக்கி வைக்கவும் கூடும் என்பதே ஒன்பதாண்டு இடைவெளியில் மாணிக் கடந்த தூரம்.

வலிப்பு நோயும் வறுமையும் மதுவும் அவரை அரித்தன. 1956 டிசம்பர் 3 அன்று கல்கத்தாவில் மறைந்தார். அப்போது வயது நாற்பத்தெட்டு.