பால் பரிசோதனையும் ராபர்ட் கோக்கும்

பால் பரிசோதனை என்றதும் நம்மவர் பலருக்கு நினைவுக்கு வருவது தண்ணீர்க் கலப்பு ஒன்றே. பால்மானியால் காண இயலாத அபாயமும் பாலில் உண்டு. க்ஷயரோகம் கண்ட பசுவின் பாலே அது. டாக்டர் சௌரிமுத்து 1928-ம் வருஷத்தில் க்ஷயரோகிகளுக்கு ஆஸ்பத்திரி நிறுவியதால், ரயில் நிலையமொன்றே சானடோரியம் என்று பெயர் பெற்ற தாம்பரத்தார் அந்நோயை அறியாதவரல்லர். அதன் கிருமியைக் கண்ட ஜெர்மானியரின் சரிதத்தை அவர்கள் அறிதல் நலம் எனக் கருதுகிறோம்.

ராபர்ட் கோக் 1843-ல் கிளௌஸ்தால் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். சிற்றூர் வைத்தியராயிருந்தபோதே, தம் வீட்டிலேயே ஆராய்ந்து, கால்நடைகளை மாய்க்கும் அடைப்பான் நோயின் கிருமியைப் பற்றிய உண்மைகளை நிலைநாட்டினார். 1882-ல் பெர்லினில் க்ஷயக் கிருமியை வெளியிட்டார். 1884-ல் கல்கத்தாவில் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். 1890-ல் அவர் க்ஷயத்திற்கு மருந்தென வெளியிட்ட டியூபர்குலின் மட்டும் பொய்த்தது. அதை நம்பிப் பெர்லினுக்கு ஓடிய நோயாளிகளில் சிலர் மாண்டும் போயினர்.

இத்தகைய மேதை 1901-ல் லண்டன் மகாநாட்டில், மாட்டின் க்ஷயம் மனிதரைப் பற்றுவது மிக அபூர்வம் என்றும், பாலைப் பற்றித் தனி நடவடிக்கை அவசியமில்லை என்றும் கூறினார். லிஸ்டர் பெருமான் அங்கேயே ஆட்சேபித்தார். பிரிட்டிஷ் சர்க்கார் கமிஷன் ஒன்றை நியமித்தனர். மாட்டுக் கிருமி பால் வழியே மனிதரை, விசேஷமாகக் குழந்தைகளைப் பற்றும் என்று 1911-ல் அது முடிவுரைத்தது. கோக்கோ 1905-ல் நோபல் பரிசு பெற்று, தம் அபிப்பிராயத்தை விடாமலே 1910-ல் காலமானார். சுவாசப்பை க்ஷயம் பெரும்பாலும் மனிதரிடமிருந்தே மனிதருக்குப் பரவுகிறது என்பதில் அவர் பிசகவில்லை. குழந்தையின் பாலில்தான் பிசகினார்.

விந்தை யாதெனில், மருந்தாகப் பொய்த்த டியூபர்குலினே மாட்டுக்குப் பரிசோதனையாயிற்று. அதை ஊசியால் ஏற்றினால், நோயுள்ள மாடு வெளிப்பார்வைக்குத் திடமாயிருப்பினும் காட்டிக் கொடுத்துவிடும். டென்மார்க்கில் பேங் என்னும் அறிஞர் 1892 முதல் இம்முறையால் நோய்ப் பசுக்களைப் பிரித்து வைத்தார்.

கமிஷன்கள் பிறக்குமுன்னரே நம் தாய்மார் பாலைப் பொங்கக் காய்ச்சி வந்தனர். அவ்வழக்கம் காத்த குழந்தைகள் எண்ணற்றோர். எனினும், அடுப்பை நம்பி அதிகாரிகள் அயர்ந்துவிடலாகாது. தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் பால் பாத்திரத்தைச் சோதிப்போர், கால்நடை வைத்தியரையும் உடனழைத்து மாட்டுக் கொட்டிலுக்குள்ளும் நுழைய வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.