சிந்தனையை எடையிட்ட தச்சன் மகன்

நெல்லை நிறுக்கத் தராசு உண்டு. பொன்னை நிறுக்கவும் தராசு உண்டு. மனிதன் சிந்திக்கும்போது அவன் தலைக்குப் பாயும் குருதியை எடையிட ஒரு தராசு செய்யலாமென்று துணிந்த அறிஞரும் ஒருவர் இருந்தார். அவரே இத்தாலி நாட்டின் உடற்றொழிலியல் மேதை அஞ்சலோ மோசோ.

பொத்துவிலில் ஆசிரியத் தொழில் புரியும் நான் இவர் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. தொழுகையில் எத்தனை ரக்அத் முடிந்ததென்று முதியவர் ஒருவர் தடுமாறுகிறார். பேரப்பிள்ளையைப் பெயர் மாற்றி அழைக்கிறார். சந்தைக்குச் சென்றவர் வீடு திரும்பும் வழியறியாது நிற்கிறார். உடனே, மூத்தவாப்பாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். அது முதுமையின் இயல்புதானா, அன்றி ஒரு நோயின் தொடக்கமா? இவ்வினாவுக்கு விடை தேடும் பாதையின் முதற்படிகளை அமைத்தவர்களுள் மோசோவும் ஒருவர்.

1846ஆம் ஆண்டு டூரின் நகரில் தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தார் மோசோ. வறுமையினூடே மருத்துவம் பயின்று 1870இல் பட்டம் பெற்றார். லைப்சிக் நகரில் கார்ல் லுட்விக் என்னும் பேராசானிடம் ஆய்வுமுறை கற்றார். பின் தாய்நாடு மீண்டு, 1879இல் டூரின் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியற் பேராசிரியரானார்.

அவருடைய ஆராய்ச்சிக்கு வாயில் திறந்தவன் பெர்த்தீனோ என்னும் எளிய உழவன். 1877இல் உயரத்திலிருந்து விழுந்த செங்கல் அவன் மண்டையோட்டை உடைத்தது. காயம் ஆறியும் எலும்பில் இடைவெளி எஞ்சியது. அதனூடே மூளையின் துடிப்பு புலனாயிற்று. மோசோ அதனைக் கருவியால் பதிவு செய்தார். ஒருநாள் தேவாலயத்தின் நண்பகல் மணி ஒலித்தது. உடனே துடிப்பு ஓங்கிற்று! பிரார்த்தனை நினைவுக்கு வந்ததோ என வினவியபோதும், பெருக்கற் கணக்கொன்றைக் கொடுத்தபோதும் அவ்வாறே ஓங்கிற்று. முன்கையிலோ அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. எண்ணம் எழும்போது மூளை தனக்கென மிகுதியாகக் குருதியை ஈர்க்கின்றது என மோசோ தெளிந்தார். 1880இல் நூலாக வெளியிட்டார்.

உடைந்த மண்டையோடு எல்லாரிடத்தும் வாய்ப்பதில்லையே! ஊறுபடாத மனிதனில் இதனைக் காண்பது எவ்வாறு? தச்சன் மகன் மரத்தையே நாடினார். நீண்ட பலகையொன்றை நடுவில் தாங்கித் துலாவாக அமைத்து, அதில் மனிதனைக் கிடத்திச் சமன்செய்தார். மூச்சின் அசைவால் வரும் பிழையைக் களைய வழி வகுத்தார். உள்ளம் கிளர்ந்தபோது பலகை தலைப்பக்கம் சாய்ந்தது. கத்தியும் ஊசியுமின்றி மூளையின் குருதியோட்டத்தை அளக்க மேற்கொண்ட முதல் முயற்சி இதுவெனலாம். 2014இல் இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் அத்தகைய துலாவை மீண்டும் அமைத்துச் சோதித்தனர்; ஒலியும் காட்சியும் புலன்களை எட்டியபோது தலைப்பக்கத்து விசை சிறிதளவு கூடக் கண்டனர்.

அச்சம், களைப்பு என்பன பற்றியும் மோசோ புகழ்பெற்ற நூல்கள் இயற்றினார். நோயுற்ற இறுதிக்காலத்தும் ஓய்ந்திராது, கிரேத்தாத் தீவில் தொல்பொருள் ஆராய்ந்தார். 1910 நவம்பரில் மறைந்தார். அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் கிரேப்பெலின் என்பார், நினைவை அரிக்கும் ஒரு நோய்க்கு, அதனை விவரித்த மருத்துவர் அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

பிரிந்து நின்ற இவ்விரு நெறிகளும் பின்னாளில் ஒன்றுகூடின. 1992இல் அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட முறையொன்றில், கழுத்தின் வழியே ஏறும் குருதியின் நீர் காந்த ஆற்றலால் அடையாளமிடப்படுகிறது. அது மூளையை அடைந்ததும் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்படுகிறது, அடையாளமிடாத படத்தோடு ஒப்பிட, எப்பகுதிக்கு எவ்வளவு குருதி செல்கிறதென்பது விளங்கும். ஊசிமருந்து இல்லை, கதிர்வீச்சும் இல்லை. அல்சைமர் நோயில் மூளையின் பின்பக்கச் சுவர்ப்பகுதியிலும் பொட்டுப்பகுதியிலும் குருதியோட்டம் குன்றுகிறது. நினைவுத் தளர்ச்சி இலேசாக இருக்கும் நிலையிலேயே இக்குறைவு பலரிடம் தென்படுகின்றது.

ஆயினும் படம் ஒன்றே தீர்ப்பாகாது. நினைவுச் சோதனையும் இரத்தப் பரிசோதனையும் உடன் வேண்டும். தைரொயிட் சுரப்புக் குறைவாலும் பி 12 உயிர்ச்சத்துக் குறைவாலும் மறதி தோன்றலாம், அவற்றுக்கு மருந்துண்டு. அல்சைமர் நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்னும் இல்லை. எனினும் முற்கூட்டி அறிந்த குடும்பம், முதியவரைக் காக்கவும் அவர் விருப்பங்களைக் கேட்டறியவும் காலம் பெறுகின்றது.

ஆகவே, அறளை என்னும் ஒரு சொல்லால் முதியோரை மூலையில் இருத்துவது அறமாகாது. ஒரு மணியோசைக்கு உழவன் மூளையில் எழுந்த சிறு துடிப்பையும் மோசோ புறக்கணித்தாரல்லர். நம் இல்லத்து முதியவரின் முதல் தடுமாற்றத்தை நாம் புறக்கணிக்கலாமோ? அன்றே அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் நம் கடன்.