புத்தகம் பைண்டிங் செய்த பையன்: மைக்கேல் ஃபாரடே



போன மாதம் ஒருநாள் ராத்திரி எங்கள் வீட்டில் கரண்டு போய்விட்டது. அம்மா ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி மேசைமேல் வைத்தார். நான்காம் ஆண்டு படிக்கிற என் தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணே, மெழுகு குறைஞ்சுகிட்டே போகுதே, அது எங்கே போகுது என்று கேட்டான். நான் பொறியியல் மாணவன். மறுநாள் எனக்குத் தேர்வு. கைப்பேசி வெளிச்சத்தில் ஃபாரடே விதியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். சும்மா இருடா, அண்ணன் படிக்கணும் என்று சொல்லிவிட்டேன்.

தேர்வு முடிந்து அந்த ஃபாரடே யாரென்று தேடிப் படித்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் தம்பி கேட்ட அதே கேள்விக்கு, சிறுவர்கள் முன் நின்று ஆறு சொற்பொழிவுகளில் பதில் சொன்ன மனிதர் அவர்.

மைக்கேல் ஃபாரடே 1791 செப்டம்பர் 22-ஆம் தேதி லண்டனுக்குத் தெற்கே நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி நோயில் படுத்துவிடுவார். வீட்டில் ஒரே வறுமை. எழுத, படிக்க, கொஞ்சம் கணக்குப் போட மட்டும்தான் பையன் பள்ளியில் கற்றான். 13 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். அடுத்த ஆண்டு, 7 ஆண்டுகள் பைண்டிங் தொழில் பழகுவதாக ஒப்பந்தம்.

பைண்டிங்குக்கு வரும் புத்தகங்களைத் தைத்து, ஒட்டி, அட்டை போட்டு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இந்தப் பையன் கைக்கு வந்ததையெல்லாம் திறந்து படித்தான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவனைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு புத்தகம் ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதியது. வேதியியலை ஓர் ஆசிரியையும் கேரலைன், எமிலி என்ற இரண்டு மாணவிகளும் பேசிக்கொள்வதுபோல் அதில் எழுதியிருந்தார். 1806-இல் அது முதலில் வெளிவந்தபோது அட்டையில் அவர் பெயர்கூட இல்லை.

இங்கேதான் நாம கவனிக்கணும். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்பதற்காக மைக்கேல் எதையும் நம்பிவிடவில்லை. கையில் இருந்த சில்லறைக் காசுக்குப் பொருள் வாங்கி, தன்னால் முடிந்த சோதனைகளைத் தானே செய்து பார்த்தான். புத்தகம் சொன்னது சரியாக வந்தது. அதன் பிறகுதான் அந்தப் புத்தகத்தின்மேல் அவனுக்கு முழு நம்பிக்கை. பிற்காலத்தில் பெரிய விஞ்ஞானியான பிறகு, தன் ஆய்வுக் கட்டுரைகளை அந்த அம்மையாருக்கு அனுப்பி வைத்து நன்றி காட்டினார்.

அவர் தனியாக மேலே வந்துவிடவில்லை. வேலை நேரம் போக மற்ற நேரத்தில் படிக்கவும் சோதனை செய்யவும் ரீபோ முதலாளி விட்டார். அறிவியல் சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதை அவருடைய அண்ணன் ராபர்ட் கொடுத்தார். கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி பேசும் கூட்டங்களுக்கு டிக்கெட் கொடுத்தார். 1812-இல் ஃபாரடே நான்கு கூட்டங்களுக்குப் போனார். குறிப்பெடுத்தார், படம் வரைந்தார், எல்லாவற்றையும் தன் கையாலேயே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கேயே ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. பிறகு டேவியோடு ஐரோப்பா போனபோது, டேவியின் மனைவி அவரை வேலைக்காரன் மாதிரிதான் நடத்தினார். அவர் பொறுத்துக்கொண்டார். கற்றுக்கொள்வதை மட்டும் விடவில்லை.

1831 ஆகஸ்டு 29 அன்று ஓர் இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் கம்பிச் சுருள் சுற்றினார். ஒரு சுருளில் மின்சாரத்தைச் சேர்க்கும்போதும் நிறுத்தும்போதும், மற்றதோடு இணைந்த முள் ஒரு கணம் அசைந்தது. அக்டோபரில் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்து எடுத்தாலே மின்சாரம் வருவதைக் கண்டார். இன்று நீர்மின் நிலையத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஜெனரேட்டர் சுழல்வது இந்த அடிப்படையில்தான். நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்கே காட்டு மரத்துப் பாலிலிருந்து கிடைத்த கெத்தா பெர்ச்சா மின்சாரத்தைக் கசிய விடாது என்று 1848-இல் எழுதினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதுவே உறையானது.

இத்தனைக்கும் அவருக்கு உயர்கணிதம் தெரியாது! காந்தத்தைச் சுற்றிக் கோடுகள் பரவுவதாகப் படமாகவே சிந்தித்தார். அதைப் பிறகு சமன்பாடாக்கியவர் மேக்ஸ்வெல்.

இவ்வளவு வேலைக்கு நடுவிலும் சிறுவர்களை அவர் மறக்கவில்லை. 1827 முதல் 1860 வரை 19 முறை கிறிஸ்துமஸ் காலத்தில் இளையோருக்காகத் தொடர் சொற்பொழிவு நடத்தினார். கடைசித் தொடருக்கு அவர் எடுத்த பொருள் ஒரு மெழுகுவர்த்தி. வெப்பத்தில் மெழுகு உருகுகிறது, திரி வழியாக ஏறுகிறது, ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. எரிந்தபின் நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் காற்றில் கலக்கிறது. நாம் மூச்சு விடும்போது உடம்புக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்று முடித்தார். 1861-இல் அது புத்தகமாக வந்தது. ஒரு புத்தகத்தால் வளர்ந்த பையன், அடுத்த பிள்ளைகளுக்கு ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சர் பட்டம் வேண்டாம் என்றவர், 1867 ஆகஸ்டு 25-ஆம் தேதி மறைந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே மெழுகுவர்த்தி ஏற்றித் தம்பியைக் கூப்பிட்டேன். சுடரை ஊதி அணைத்ததும் வெள்ளைப் புகை எழுந்தது. தீக்குச்சியைத் திரியில் வைக்காமல் அந்தப் புகையில் காட்டினேன். சுடர் புகை வழியாக இறங்கித் திரியைப் பிடித்தது. தம்பி துள்ளிவிட்டான். அப்புறம் வரிசையாக ஏழெட்டுக் கேள்வி. இரண்டுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து தேடலாம்டா என்றேன்.

நம்மில் பலர் வார இறுதியில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறோம், வகுப்பு நடத்துகிறோம். வீட்டில் தம்பி தங்கைகளும் இருக்கிறார்கள். பரிசு கொடுக்கும்போது ஓர் அறிவியல் புத்தகம் கொடுங்கள். கொடுத்ததோடு விட்டுவிடாமல், அதிலுள்ள ஒரு சோதனையைக் கூட உட்கார்ந்து செய்து பாருங்கள். அவர்கள் கேள்வி கேட்டால், தயவுசெய்து என்னை மாதிரி சும்மா இரு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.